திரைக்குப் பின்னாலிருந்து விருந்து மேஜைக்கு

அக்கா மகன் 2025 அக்டோபரில் அமெரிக்கக் கடற்படையின் ரிசர்வ் பிரிவில் இன்டெலிஜென்ஸ் (உளவுத் தகவல்) அதிகாரியாகச் சேர்ந்தான். உறுதிமொழி எடுத்த அன்று ராத்திரியே போன் செய்து, "சித்தி, நீங்க எப்படி இங்கேயிருந்து எம்பசி வேலைக்குப் போனீங்க, அதை மட்டும் சொல்லுங்க" என்றான். ஒரு மணி நேரம் பேசினேன். போனை வைத்த பிறகுதான் முக்கியமான பாதியை விட்டுவிட்டேன் என்று உறைத்தது. அவனுக்கும், இதே கேள்வியோடு எனக்கு எழுதுகிற மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். இருபது வருடம் முடித்து 2025-ல் ஓய்வு பெற்றுவிட்டேன். ரகசியம் எதுவும் இதில் இல்லை.

ஊரில் இருப்பவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் என்றால் மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு, வருடத்தில் இரண்டு வாரம் சீருடை. மீதி நாளெல்லாம் எல்லோரையும் போல வேலைக்குப் போய்வர வேண்டியதுதான். தேவை வந்தால் மட்டும் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று முழுநேரத்துக்கு அழைப்பார்கள். அமெரிக்கக் கடற்படைக்கு இந்த ஏற்பாடு 1915-லிருந்து இருக்கிறது. நான் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்புக் கணக்குகளை அலசிக்கொண்டிருந்தேன். மாதத்தில் இரண்டு நாள் கப்பல்களை அலசினேன். இரண்டுக்கும் மூளையின் ஒரே பகுதிதான் வேலை செய்தது என்று இப்போதும் சொல்வேன்.

கப்பல் எனக்குப் புதிதில்லை. தூத்துக்குடியில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்தார். பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குப் போகிற தோணிகளில் என்னென்ன ஏறுகிறது என்று சாயங்காலம் சாப்பிடும்போது சொல்லுவார். காய்கறி எவ்வளவு, வெங்காயம் எவ்வளவு, செங்கல் எவ்வளவு என்று. "மாலத்தீவுல யாரோ பெரிய கட்டடம் கட்டுதான்" என்பார். சரக்கைப் பார்த்து, பார்க்காத ஊரைச் சொல்லுவது. அதற்கு என்ன பெயர் என்று இருபது வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

1996-ல் எம்.எஸ். படிக்க வந்தேன். 2004-ல் குடியுரிமை. 2005-ல், முப்பத்திரண்டு வயதில், நேரடி நியமனத்தில் அதிகாரியானேன். ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் குறுகிய காலப் பயிற்சி. சல்யூட் எப்படி, சீருடை எப்படி, யாரை எப்படி அழைப்பது, அவ்வளவுதான். உண்மையான கஷ்டம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டிருந்தது.

எஸ்.எஃப். 86 என்று ஒரு படிவம். பாதுகாப்பு அனுமதிக்கானது. உன் பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், புருஷன் வீட்டார், அத்தனை பேரின் பிறந்த தேதி, முகவரி, குடியுரிமை. அப்புறம், கடந்த ஏழு வருடத்தில் நெருக்கமாகப் பழகிய வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும். "வெளிநாட்டுக்காரர்" என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு யாரையோ தேடிக்கொண்டிருந்தேன். அது என் சித்தப்பா, பெரியம்மா, அத்தை பிள்ளைகள் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. எந்தச் சித்தப்பாவுக்குப் பிறந்த தேதி தெரியும்? அம்மாவிடம் கேட்டால், "அவன் பெரிய புயல் அடிச்ச வருஷம் பிறந்தவன்" என்றாள். பெயர்களோ இன்னும் மோசம். அப்பாவின் பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், என் பள்ளிச் சான்றிதழில் வேறு, இன்ஷியலை விரித்து எழுதினால் மூன்றாவது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டால், அப்பாவின் குடும்பப் பெயரும் என்னுடையதும் ஏன் வேறாக இருக்கிறது என்று அடுத்த கேள்வி. ஊரில் தாத்தா விட்டுப்போன அரை ஏக்கர், நாலு பேருக்குப் பங்கு, இன்னும் பிரிக்கவில்லை. அதுவும் வெளிநாட்டுச் சொத்துதான், எழுத வேண்டும்.

தம்பி, இந்த இடத்தில் கவனமாகக் கேள். எதையும் மறைக்காதே, எதையும் சுருக்காதே. நேர்காணலுக்கு வந்தவர் என் பட்டியலைப் பார்த்து அசந்துபோனார், ஆனால் அந்தப் பட்டியல்தான் என்னைக் காப்பாற்றியது. இந்தியாவில் நாற்பது சொந்தக்காரர்கள் இருப்பது அவருக்குப் பிரச்சினையாக இல்லை. நாற்பதில் முப்பதை மட்டும் எழுதியிருந்தால் அது பிரச்சினை. பின்னாளில் தூதரகத்தில் ராணுவத்தின் ஆளாக இருக்கிற அட்டாஷே வேலையில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடத்துக்கு இதுதான் முன்னுரை என்று இப்போது தோன்றுகிறது.

ரிசர்வ் இன்டெலிஜென்ஸ் வேலை எப்படி இருக்கும் என்று கேட்கிறாய். ஜன்னல் இல்லாத அறை. உள்ளே போகும்போது செல்போனை வெளியே பெட்டியில் வைத்துவிட வேண்டும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, வார நாளில் வேறு வேலை பார்க்கிற இருபது பேர் அங்கே சீருடையோடு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் குழுவில் ஒருவர் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவர், ஒருவர் வக்கீல், ஒரு பெண் மருந்து நிறுவனத்துக்குக் கொள்முதல் பார்த்தவர். ஒரு கப்பல் பாதையை வைத்துக்கொண்டு விவாதம் நடக்கும்போது, முழுநேர அதிகாரிகளுக்குத் தோன்றாத கோணம் அந்தக் கொள்முதல்காரிக்குத் தோன்றும். நல்ல இடம், எனக்குப் பிடித்தது. ஆனால் அங்கே நீ எழுதுகிற நாட்டைச் சேர்ந்த மனிதர் ஒருவர்கூட உன் முகத்தைப் பார்த்ததில்லை. நீயும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

2010-ல் ஒரு வருடத்துக்கு ஜிபூட்டிக்கு அழைப்பு வந்தது. செங்கடல் வாயிலில், பாப் எல் மண்டெப் நீரிணையை ஒட்டி இருக்கிற சின்ன நாடு. பிரெஞ்சுக்காரர்கள் 1977-ல் சுதந்திரம் கொடுத்துவிட்டுப் போன பிறகும் அவர்களுடைய படைத்தளம் அங்கே இருந்தது. ஒரு காலத்தில் பிரெஞ்சு ராணுவத்தின் லெஜியன் படை இருந்த காம்ப் லெமொனியேவில்தான் 2000-களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்கர்கள். ஜப்பான் 2011-ல் தளம் திறந்தது, பின்னால் 2017-ல் சீனாவும் வந்தது. ஏன் இத்தனை பேர் என்றால் அந்த நீரிணைதான். சூயஸ் வழியாக ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே போகிற கப்பல் எல்லாம் அதைக் கடந்தாக வேண்டும், அந்த நேரத்தில் சோமாலியக் கடற்கொள்ளை உச்சத்தில் இருந்தது.

அங்கே நான் முகாமுக்குள் கூடாரத்திலும் கன்டெய்னரிலும் உட்கார்ந்து செய்ததும் பழைய வேலைதான், குளிர்சாதனம் மட்டும் மோசம். வெளியே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஒரு நாள் உள்ளூர்க் கடலோரக் காவல்படை சம்பந்தமாக எனக்கு ஒரு விவரம் வேண்டியிருந்தது. இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். மூன்று அறிக்கை, மூன்றும் ஒன்றுக்கொன்று முரண். அங்கே அமெரிக்கத் தூதரகத்தில் இருந்த அட்டாஷே அலுவலகத்துக்கு ஒரு வேலையாகப் போனபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அங்கிருந்த அதிகாரி, "அதுவா? கேட்டால் போச்சு" என்று போனை எடுத்து பிரெஞ்சில் ஐந்து நிமிடம் பேசினார். முதல் மூன்று நிமிடம் யாருடைய மகளின் கல்யாணத்தையோ பற்றி. கடைசி இரண்டு நிமிடத்தில் என் விடை கிடைத்துவிட்டது. திருட்டுத்தனம் எதுவும் இல்லை, கேட்டார், சொன்னார்கள்.

திரும்பி வரும் வழியில் வண்டியில் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. இரண்டு வாரம், மூன்று அறிக்கை. அங்கே ஒரு கல்யாண விசாரிப்பு. எனக்கு அந்த வேலை வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அட்டாஷே என்றால் யார்? ஒரு நாட்டின் ராணுவம் இன்னொரு நாட்டில் இருக்கிற தன் தூதரகத்துக்கு அனுப்பி வைக்கிற அதிகாரி. சீருடை போட்டவர், ஆனால் தூதரக அதிகாரி. அந்த நாட்டின் படையோடு பேச்சுவார்த்தை, பயிற்சி, கூட்டுப் பயிற்சிக்கு ஏற்பாடு, கப்பல் வந்தால் வரவேற்பு, தூதருக்கு ஆலோசனை. இதோடு, அங்கே பார்ப்பதையும் கேட்பதையும் தன் நாட்டுக்கு எழுதி அனுப்புவது. கடைசியாகச் சொன்னது ஒளிவுமறைவான விஷயம் இல்லை. 1961-ன் வியன்னா உடன்படிக்கையின் 3-வது பிரிவிலேயே தூதரகத்தின் கடமைகளில் ஒன்றாக அது இருக்கிறது: சட்டத்துக்கு உட்பட்ட எல்லா வழிகளிலும் அந்த நாட்டின் நிலவரத்தை அறிந்து தன் அரசுக்குத் தெரிவிப்பது. 7-வது பிரிவு, ராணுவ அட்டாஷேக்களின் பெயரை முன்கூட்டியே அனுப்பி ஒப்புதல் வாங்கச் சொல்லி அந்த நாடு கேட்கலாம் என்கிறது. 9-வது பிரிவின்படி, பிடிக்கவில்லை என்றால் காரணமே சொல்லாமல் திருப்பி அனுப்பலாம். ஆக, நீ யார், எதற்கு வந்திருக்கிறாய் என்று எல்லோருக்கும் தெரியும். தோளிலேயே கட்டி அனுப்புகிறார்கள்: விசேஷச் சீருடையில் இடது தோளிலிருந்து பொன்னும் நீலமுமாகப் பின்னிய ஒரு கயிறு தொங்கும். வெள்ளை மாளிகையில் இருக்கிற உதவி அதிகாரிகளுக்கு அது வலது தோளில். அட்டாஷேக்களுக்கு எப்போதும் இடது தோளில்.

இன்டெலிஜென்ஸ்காரர்கள் சிலர் இதை ஏதோ விருந்து சாப்பிடுகிற வேலை என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அமெரிக்கக் கடற்படையின் உளவு அலுவலகம் 1882-ல் தொடங்கியது. அதே 1882-ல்தான் பிரெஞ்ச் என்சர் சாட்விக் என்ற அதிகாரியை லண்டனுக்கு முதல் கடற்படை அட்டாஷேயாக அனுப்பினார்கள். ஏழு வருடம் இருந்தார். அந்தக் காலத்தில் அமெரிக்கக் கடற்படை பழைய கப்பல்களோடு பின்தங்கிக் கிடந்தது. ஐரோப்பாவில் எஃகுக் கப்பலும் பீரங்கியும் எப்படிச் செய்கிறார்கள் என்று போய்ப் பார்த்து, கேட்டு, எழுதி அனுப்பியதுதான் அவர் வேலை. பின்னாளில் அந்த உளவு அலுவலகத்துக்கே தலைவரானார். இரண்டும் ஒரே கருவில் பிறந்தவை. ஜன்னல் இல்லாத அறைதான் பின்னால் வந்தது.

வெளியிலிருந்து வந்தவர்கள் இந்த வேலையில் ஜொலித்ததற்கு எனக்குப் பிடித்த உதாரணம் வில்லியம் எடி. லெபனானின் சீதோனில் மிஷனரி குடும்பத்தில் 1896-ல் பிறந்து, அரபு பேசி வளர்ந்தவர். முதல் உலகப் போரில் மரீன் படையில் இன்டெலிஜென்ஸ் அதிகாரி. போர் முடிந்ததும் சீருடையைக் கழற்றிவிட்டு, கெய்ரோவில் ஆங்கிலப் பேராசிரியர், அப்புறம் அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் தலைவர். 1941-ல் மறுபடி சீருடை. கெய்ரோவில் கடற்படை அட்டாஷே. 1945 பிப்ரவரி 14 அன்று சூயஸ் கால்வாயின் பெரிய கசப்பு ஏரியில் நின்ற குவின்சி என்ற போர்க்கப்பலில் ரூஸ்வெல்ட்டும் சவூதி மன்னர் இப்னு சவூதும் சந்தித்தபோது, நடுவில் இருந்து மொழிபெயர்த்தவர் இவர்தான். அப்போது சவூதிக்கான அமெரிக்கத் தூதராகவே ஆகியிருந்தார். நடுவில் அவர் கழித்த அந்தப் பேராசிரியர் வருடங்களை எடுத்துவிட்டால் அந்தக் கப்பலில் அவருக்கு இடம் இருந்திருக்காது என்று நான் நம்புகிறேன். ரிசர்வில் இருக்கிறவர்களுக்கு, "நாம் பாதி ராணுவம்தானே" என்று ஒரு தாழ்வு மனப்பான்மை வரும். எனக்கும் இருந்தது. எடியைப் படித்த பிறகு போய்விட்டது.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். முப்படைகளும் தனித்தனியாக அனுப்பிக்கொண்டிருந்த அட்டாஷேக்களை 1965-ல் ராணுவ உளவு அமைப்பான டிஃபென்ஸ் இன்டெலிஜென்ஸ் ஏஜென்சியின் கீழ் ஒன்றாக்கினார்கள். பயிற்சிப் பள்ளி வாஷிங்டனில், அனகோஸ்டியா போலிங் தளத்தில். கடற்படைக்குள் வெளிநாட்டுப் பகுதி அதிகாரி என்று தனிப் பிரிவும் இருக்கிறது. மொழியும் ஒரு பகுதியைப் பற்றிய மேல்படிப்பும் வேண்டும். ரிசர்விலிருந்து போவதற்குப் பல வாசல் உண்டு: அலுவலகங்களில் ஆள் இல்லாத இடைவெளியை நிரப்பச் சில மாதம், கூட்டுப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் துணைக்கு, அப்புறம் முழு நியமனம். மாநிலம் மாநிலமாக இருக்கிற தேசியக் காவல் படையினருக்கு (நேஷனல் கார்டு) இன்னொரு நல்ல வழி இருக்கிறது. 1993-ல் பால்டிக் நாடுகளோடு தொடங்கிய மாநிலக் கூட்டுத் திட்டம். எஸ்தோனியாவுக்கு மேரிலாண்ட், லாத்வியாவுக்கு மிச்சிகன், லித்துவேனியாவுக்குப் பென்சில்வேனியா என்று ஒரு மாநிலமும் ஒரு நாடும் ஜோடி. ஒரே ஆட்கள் இருபது, முப்பது வருடம் போய்வந்து பழகுகிறார்கள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாறுகிற முழுநேர அதிகாரிகளால் முடியாத காரியம் அது.

நீ முதலில் செய்ய வேண்டியது மொழித் திறன் தேர்வு. டிலாப் என்பார்கள். இல்லாத ஒரு மொழியின் விதிகளைக் கொடுத்து, அதைப் பிடிக்கிறாயா என்று பார்க்கிற தேர்வு. 95 எடுத்தால் பிரெஞ்சு, ஸ்பானிஷ் மாதிரி மொழிகள் கிடைக்கும், அரபு, சீனம், ஜப்பானியம், கொரியனுக்கு 110 வேண்டும். அந்தக் கடினமான நான்குக்கும் கலிபோர்னியாவின் மான்டரேயில் இருக்கிற ராணுவ மொழிப் பள்ளியில் 64 வாரப் படிப்பு. வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளர்ந்தவர்களுக்கு இந்தத் தேர்வு அவ்வளவு அந்நியமாக இருக்காது. வேற்றுமை உருபை வைத்து விளையாடுகிற மொழி நமக்குப் பழக்கம்தானே. எனக்குப் பிரெஞ்சு வந்தது.

விண்ணப்பித்ததிலிருந்து உத்தரவு கைக்கு வர கிட்டத்தட்ட மூன்று வருடம். நடுவில் ஒரு அலுவலகத்தில் என் கோப்பு தொலைந்து, மருத்துவப் பரிசோதனையெல்லாம் காலாவதியாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அன்று கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் உன் கையில் ஒரு நகல் வைத்துக்கொள்.

வேலை செய்த நிறுவனம் பற்றி. 1994-ல் வந்த சட்டம் ஒன்று, ராணுவ அழைப்பில் போகிறவருக்கு மொத்தம் ஐந்து வருடம் வரை, திரும்பி வரும்போது வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. எனக்கும் கொடுத்தார்கள். ஆனால் இரண்டாவது முறை போகிறேன் என்று சொன்ன நாளில் மேலாளரின் முகம் மாறியதையும், திரும்பி வந்தபோது நான் வளர்த்த குழுவில் எனக்கு ஒரு மூலை மட்டும் கிடைத்ததையும் எந்தச் சட்டமும் சரிசெய்யவில்லை. இது தெரிந்தே போ. அதைவிடப் பெரிய விலை கொடுத்தவர் என் கணவர். அவர் வேலையை விட்டார். அட்டாஷே பயிற்சிக்குத் துணைவரையும் கூப்பிடுவார்கள், ஏனென்றால் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பாதி வேலை அவருடையது. நாற்பத்திரண்டு வயதில் பள்ளிப் பிள்ளை மாதிரி என் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

2015-ல் மடகாஸ்கர். தலைநகர் அந்தனனரிவோவில் துணை அட்டாஷே. ஏறக்குறைய 4,800 கிலோமீட்டர் கடற்கரை உள்ள தீவு. அதன் தலைநகரோ நடுமலையில், கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கும் மேலே. கடற்படை அதிகாரிக்கு ஜன்னலைத் திறந்தால் தெரிந்தது நெல்வயல். ஊருக்கு நடுவிலேயே வயல், அதன் ஓரத்தில் செங்கல் சூளை, அக்டோபரில் அனோசி ஏரியைச் சுற்றி ஊதாப் பூ. என் மகள் வந்து இறங்கிய முதல் நாளே, "அம்மா, இது ஆச்சி ஊர் மாதிரி இருக்கு" என்றாள். அந்தத் தூதரகம்தான் கொமொரோ தீவுகளுக்கும் பொறுப்பு. அங்கேயும் போய்வருவோம். கிராம்பு வாசனையும் எரிமலைக் கல்லும்.

நாங்கள் போன நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2009 மார்ச்சில் காப்சாட் என்ற படைப்பிரிவு கலகத்தில் இறங்கி, அதிபர் மார்க் ரவலோமனனா பதவியை விட்டுப் போனார். தலைநகரின் மேயராக இருந்த அந்திரி ராஜோலினா ஆட்சிக்கு வந்தார். அமெரிக்கா உதவிகளை நிறுத்தியது. ராணுவப் பயிற்சி, படிப்பு எல்லாம் நின்றது. தேர்தல் நடந்து புது அதிபர் வந்த பிறகு, 2014-ல்தான் தடைகள் நீங்கின. ஆக ஐந்து வருடம் பேச்சே இல்லாத வீட்டுக்கு மறுபடி பலகாரம் எடுத்துக்கொண்டு போகிற மாதிரிதான் எங்கள் நிலைமை. நம் ஊரில் அப்படிப் போகிறவளுக்கு என்ன வரவேற்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும். காபி வரும், பேச்சு வராது.

முதல் ஆறு மாதம் அப்படியே இருந்தது. கூட்டம் போடுவோம், மரியாதையாக வருவார்கள், மரியாதையாகப் போவார்கள். அவர்கள் கடற்படையில் ஒரு மூத்த அதிகாரி இருந்தார். 2009-க்கு முன்னால் நியூபோர்ட்டில் சில மாதம் படித்தவர் என்று பழைய கோப்பில் பார்த்தேன். நானும் நியூபோர்ட்தான். அந்த ஊர்க் குளிரையும் கிளிஞ்சல் சூப்பையும் வைத்துப் பேச்சைத் தொடங்கினேன், சிரித்தார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு, தெருவோரச் சின்னச் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மீன்பிடிக் கப்பல்கள் பற்றிப் பேச்சு வந்தது. வெளிநாட்டுக் கப்பல்கள் வந்து அள்ளிக்கொண்டு போவது, இவர்களிடம் துரத்திப் போகப் படகு இல்லாதது. ரொம்ப முக்கியமான விஷயம். நான் பத்து வருடப் பழக்கத்தில் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து மேஜையில் வைத்தேன்.

அவர் நிறுத்திவிட்டார். முகம் மாறவில்லை, கோபம் இல்லை. மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என் முன்னால் உட்கார்ந்திருந்த மனிதரை நான் ஒரு அறிக்கையாகப் பார்த்துவிட்டேன். ஜன்னல் இல்லாத அறையில் அது தப்பில்லை, அங்கே காகிதம்தான் இருக்கிறது. இங்கே அவர் எனக்காகச் சோறு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஒருவர், "குறிப்பேட்டை உள்ளேயே வைத்துக்கொள், வண்டிக்குள் போய் எழுது" என்று ஆலோசனை சொன்னார். அது எனக்கு ஒப்பவில்லை. அடுத்த வாரம் அந்த மடகாஸ்கர் அதிகாரியிடமே போய்ச் சொன்னேன். "நான் கேட்பதை எழுதி அனுப்புவேன், அது என் வேலை, உங்களுக்குத் தெரியும். எதை எழுதக் கூடாது என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதை என்னிடம் சொல்லவே வேண்டாம். சொன்னதை நான் மாற்றி எழுத மாட்டேன்." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "உங்கள் நாட்டுச் சட்டம் எனக்குப் புரிந்தது. ஆனால் ஐந்து வருடத்தில் ஒரு கடிதம்கூட யாரும் போடவில்லையே" என்றார். அவருக்கு நியூபோர்ட்டில் நண்பர்கள் இருந்தார்கள். அம்மா இறந்தபோதுகூட யாரும் எழுதவில்லை. அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? மன்னிப்புக் கேட்டேன். என் அரசு சார்பில் கேட்க எனக்கு அதிகாரம் இல்லை, என் சார்பில் கேட்டேன்.

இதற்குப் பிறகு எல்லாம் சட்டென்று மாறிவிடவில்லை. மெதுவாக மாறியது. அவர் வீட்டுக்குக் கூப்பிட்டார். மடகாஸ்கரில் மூன்று வேளையும் சோறு. அவர்கள் மொழியில் "வாரி" என்றால் நெல், அரிசி, சோறு மூன்றும் அதுதான். சாப்பாடு முடிந்ததும் ஒரு கூஜாவில் வெதுவெதுப்பாகப் பழுப்பு நிறத் தண்ணீர் வந்தது. சோறு வடித்த பானையின் அடியில் பிடித்த காந்தலில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தது. ரனுவூலா என்கிறார்கள். ஒரு வாய் குடித்தேன், எங்கள் ஆச்சி பானையைச் சுரண்டி எனக்கென்று எடுத்து வைக்கிற காந்தல் வாசனை. இதை அந்த வீட்டுப் பெரியம்மாவிடம் சொன்னேன், அந்த அதிகாரியின் அம்மா இறந்த பிறகு வந்து தங்கியிருந்தவர். என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தம்ளர் ஊற்றினார். அன்று வேலை விஷயமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு என் போனை அந்த அதிகாரி எடுக்காத நாள் இல்லை.

அந்த இரண்டு வருடத்தில் என்ன சாதித்தேன் என்று கேட்டால் பெரிதாகக் காட்ட எதுவும் இல்லை. சில இளம் அதிகாரிகள் மறுபடி படிக்கப் போனார்கள். ஒவ்வொரு பெயருக்கும் மனித உரிமை மீறல் உண்டா என்று சரிபார்க்க வேண்டும், அது லேஹி சட்டம், அதைச் சரியாகச் செய்தேன். மேற்கு இந்தியப் பெருங்கடலில் அமெரிக்கா நடத்துகிற கட்லாஸ் எக்ஸ்பிரஸ் கூட்டுப் பயிற்சி சம்பந்தமான கூட்டங்களில் உட்கார்ந்தேன். யாராவது பரிசு கொடுத்தால் அன்றைய விதிப்படி 375 டாலருக்கு மேல் மதிப்பு இருந்தால் அரசுக்குச் சேரும். எனக்கு வந்ததெல்லாம் வெண்ணிலாக் கட்டும் ஒரு முறை உயிரோடு ஒரு வாத்தும். வாத்தை மகள் ஒரு வருடம் வளர்த்தாள்.

வடக்கே அந்த்சிரனானாவுக்குப் போனது மறக்காது. உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. 1942-ல் பிரிட்டிஷ் படை வந்து இறங்கிப் பிடித்த இடம். அந்தக் கடற்கரையில் பாய் கட்டிய மரப் படகுகள் இன்னும் சரக்கு ஏற்றுகின்றன. என்ன ஏற்றுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். சிமென்ட் மூட்டை, வெங்காயம். பக்கத்தில் நின்ற அந்த அதிகாரியிடம், "எங்கேயோ யாரோ வீடு கட்டுகிறார்கள்" என்றேன். அவர், "ஆமாம், என் மச்சான்" என்று சிரித்தார். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். அன்று ராத்திரி தூத்துக்குடிக்குப் போன் செய்து இதைத்தான் முதலில் சொன்னேன்.

2017-ல் திரும்பினேன். மறுபடி சனி, ஞாயிறு, மறுபடி ஜன்னல் இல்லாத அறை. ஆனால் ஒரு வித்தியாசம். அறிக்கையில் ஒரு நாட்டின் பெயரைப் பார்த்தால், அங்கே யார் மதியம் எங்கே சாப்பிடுவார், யார் வீட்டில் யார் இறந்தார் என்று தெரிந்த ஒருவர் நம் பக்கம் இருக்கிறாரா என்று முதலில் தேடினேன். இல்லை என்றால் என் முடிவுகளை இன்னும் தாழ்ந்த குரலில் எழுதினேன். கூட இருந்த இளைஞர்களுக்கு இது எரிச்சலாக இருந்திருக்கும். பரவாயில்லை.

2025 அக்டோபர் கதையைச் சொல்லி முடிக்கிறேன், அக்கா மகன் போன் செய்ததும் அதே சமயத்தில்தான். அந்த வருடம் செப்டம்பர் 25-ல் அந்தனனரிவோவில் தண்ணீரும் மின்சாரமும் இல்லை என்று இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். அக்டோபர் 11-ல் அதே காப்சாட் படைப்பிரிவு அவர்கள் பக்கம் சேர்ந்தது. பதினாறு வருடம் முன்னால் ராஜோலினா ஆட்சிக்கு வர எந்தப் படைப்பிரிவு காரணமாக இருந்ததோ அதுவே இப்போது அவரை இறக்கியது. 14-ஆம் தேதி ஆட்சி ராணுவத்தின் கைக்குப் போனது. நான் சமையலறையில் நின்றபடி செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். யார் எந்தப் பக்கம், எந்தத் தளம் என்ன நிலை, அடுத்து என்ன தடை வரும் என்று தலைக்குள் இருபது கேள்வி தானாக வரிசை கட்டி நின்றது. பழக்கம் போகாது.

போனை எடுத்தேன். அந்த மடகாஸ்கர் கடற்படை அதிகாரியைக் கூப்பிட்டேன், அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். மூன்றாவது மணியில் எடுத்தார். அந்த இருபது கேள்வியில் ஒன்றையும் நான் கேட்கவில்லை.

"வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கீங்களா? தண்ணி வருதா?" என்று என் உடைந்த பிரெஞ்சில் கேட்டேன்.

"இன்னைக்குக் காலையில வந்துச்சு. ரெண்டு மணி நேரம். பெரியம்மா எல்லாப் பானையிலயும் பிடிச்சு வெச்சிட்டாங்க" என்றார்.